பனிக்கணவாயில் நாச்சிமுத்து

காலைக் காட்சிக்கு இன்னும் நேரம் கிடந்தது. ஆனாலும் முகச்சாளரத்துக்கு முன்னால் நின்ற வரிசை அரங்க வாசலைத் தாண்டி, டீக்கடையைச் சுற்றிக்கொண்டு, அவினாசி சாலையின் நடைபாதை வரைக்கும் போய்விட்டது. கோவைப் பன்னாட்டுத் திரைவிழாவில் டிக்கெட்டுக்கு வரிசை கிடையாது. டிக்கெட்டை எல்லாரும் வீட்டிலிருந்தே எடுத்துவிடுவார்கள். வரிசை முகத்துக்குத்தான்.

சாளரத்துக்கு உள்ளே குணவதி உட்கார்ந்திருந்தாள். அவள் பதவிக்கு முகப்பொருத்துநர் என்று பெயர். வரிசையில் நிற்பவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நாக்கைச் சிரமப்படுத்திக்கொள்வதில்லை, மொகத்தக்கா என்பார்கள்.

“இன்னிக்கு என்ன படமுங்க மொகத்தக்கா?” என்று முதலில் நின்ற சரவணம்பட்டிக்காரர் கேட்டார்.

“போர்ச்சுகல் படமுங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரு, ஒரு படகு. கடைசில அண்ணன் கடலோட போயிருவாரு.”

“அப்ப அண்ணனுக்கு என்ற அண்ணனையே போட்டுருங்க. தம்பிக்கு நானு.”

“போன வருசமும் உங்கண்ணன் கடல்லதானுங்க போனாரு.”

“போகட்டுமுங்க. நெசத்துல சிங்காநல்லூர் சந்தைக்கு முன்னால டெம்போ மோதிப் போனாரு. அதுக்கு இது எவ்வளவோ தேவலை.”

குணவதி அவருடைய பொருத்துக்கண்ணாடியை வாங்கி, திரையில் அண்ணனின் பெயரைத் தேடி, முகத்தையும் குரலையும் நடையையும் ஏற்றிக் கொடுத்தாள். அவர் அதைத் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். இனி அவர் பார்க்கப்போகும் போர்ச்சுகல் மீனவன் அவருடைய அண்ணனாகவே இருப்பான், அண்ணனுடைய குரலில் கோயமுத்தூர்ப் பேச்சே பேசுவான். பக்கத்து இருக்கைக்காரருக்கு அதே மீனவன் வேறு யாரோ ஒருவராகத் தெரிவான். ஐந்நூறு பேர் உட்காரும் அரங்கில் ஐந்நூறு அண்ணன்கள் ஒரே நேரத்தில் கடலோடு போவார்கள்.

இதற்கு உறவுமுகம் என்று பெயர். இது வருவதற்கு முன்னால் வெளிநாட்டுப் படங்களுக்கு ஊரில் நாலு பேர் வருவார்களாம், அதிலும் இரண்டு பேர் ஏசிக்காக வருவார்களாம். யாரோ ஒரு நாட்டில் யாரோ ஒருத்தியின் அம்மா செத்தால் நமக்கென்ன என்று இருந்த ஜனம், அந்த அம்மாவுக்குத் தன் அம்மாவின் முகம் வந்ததும் வேட்டி நனைய அழுதது. குடும்பம், காதல், பிரிவு என்று எந்தத் தேசத்தில் படம் எடுத்தாலும் சரி, கோவைக்கு வந்தால் அரங்கு நிறைந்துவிடும்.

உயிரோடு இருப்பவரின் முகத்துக்கு அவரே ஒப்புகை தர வேண்டும். இறந்தவரின் முகம் வாரிசுகளுக்குச் சேரும். சட்டம் அவ்வளவுதான் சொன்னது. நம் ஆட்கள் அதைச் சடங்காக்கிக்கொண்டார்கள். கருமாதி அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் மாமன் மச்சான்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்து முகப்பங்கு பிரிப்பார்கள். முதுமை முகம் பெண்டாட்டிக்கு, நடுவயது முகம் பிள்ளைகளுக்கு. கல்யாண வயசு முகத்துக்கு மட்டும் எப்போதும் தகராறு வரும், சித்தப்பாமார்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார்கள். பங்குக்கும் ஒரு தவணை உண்டு. தவணை முடியும்போது வாரிசுகள் எல்லாரும் மறுபடி ஒப்புகை தர வேண்டும். ஒருவர் மறுத்தாலும் முகம் மூடப்பட்டுவிடும், பிறகு திறக்காது.

நாச்சிமுத்துவின் முகத்துக்கு இன்றோடு தவணை முடிகிறது. அவர் குணவதியின் கணவர். இறந்து எட்டு வருடம் ஆகிறது. வாரிசுகள் இரண்டே பேர். குணவதி தன் ஒப்புகையை எப்போதோ கொடுத்துவிட்டாள். மகள் கோகிலவாணி உடுமலைப்பேட்டையிலிருந்து நேரில் வருவதாகச் சொல்லியிருந்தாள். போனில் விரலை வைத்தால் முடிந்துபோகிற காரியத்துக்கு எதற்காகப் பஸ் ஏறி வருகிறாள் என்று காலையிலிருந்து குணவதி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எட்டு வருடமாக அவளுக்கு ஒரே வழக்கம்தான். வேலை முடிந்ததும் சாளரத்தை மூடிவிட்டு, தன் கண்ணாடியில் நாச்சிமுத்துவை ஏற்றிக்கொண்டு அடுத்த காட்சிக்குப் போய் உட்காருவாள். விழா இல்லாத மாதங்களில் வீட்டிலேயே பார்ப்பாள். நாச்சிமுத்து ஐஸ்லாந்தில் கலங்கரைவிளக்கம் காத்தார். பெய்ரூட்டில் ரொட்டி சுட்டார். அர்ஜென்டினாவில் குதிரை மேய்த்தார். காதலித்தார், மன்னிப்புக் கேட்டார், மழையில் நின்று அழுதார். கோவை கணபதியில் மோட்டாருக்குச் செம்புக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்து, உயிரோடு இருந்தவரை பழனி தாண்டிப் போகாத மனிதர், செத்த பிறகு உலகம் முழுக்கச் சுற்றினார்.

மதியம் கோகிலா வந்தாள். இருவரும் விழாக் கேன்டீனில் அரிசிம்பருப்பு சாதம் வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்கள். கோகிலா சாதத்தைக் கிளறிக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

“நான் ஒப்புகை குடுக்கப் போறதில்லம்மா. அதைப் போன்ல சொன்னா நல்லாருக்காதுன்னுதான் வந்தேன்.”

குணவதி கையிலெடுத்த சாதத்தைத் தட்டிலேயே போட்டாள். “ஏங்கண்ணு? உனக்கு வேண்டாம்னா நீ பாக்காதே. எனக்கு எதுக்கு அடைக்கற?”

“நானும் பாத்துட்டுத்தான இருந்தேன். போன மாசம் பாப்பா வந்து, தாத்தாவுக்குக் குதிரை ஓட்டத் தெரியுமான்னு கேட்டா. ஓ, நல்லா ஓட்டுவாருன்னு சொல்லிப்போட்டேன். சொன்னதுக்கப்புறம்தான் ரோசனை வந்துச்சு. அப்பாவுக்கு ஸ்கூட்டரே ஒழுங்கா வராது.”

“அது உன்ற கொழப்பம். எனக்கு எது படம், எது நெசம்னு நல்லாத் தெரியும். உங்கப்பா கடைசியா எங்கிட்டச் சொன்னது இன்னிக்கும் காதுல அப்படியே நிக்குது.”

“என்ன சொன்னாரு?”

குணவதி இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறாள். சாளரத்துக்கு வரும் விதவைகளுக்கு, விழாக் குழுவினருக்கு, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு. மகளிடம் சொன்னதில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“‘நீ முன்னால போன அம்மிணி. எனக்கு வழி தேடற வேலையே இல்லாமப் போச்சு’ன்னாரு. மெதுவா, மூச்சு வாங்கி வாங்கி.”

கோகிலா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. குணவதிக்கு அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

“அம்மா, அப்பா என்னிக்கும்மா உனக்குப் பின்னால நடந்தாரு?”

கணபதி முழுக்கத் தெரிந்த விஷயம் அது. கல்யாண வீடானாலும் கோயிலானாலும் நாச்சிமுத்து பத்தடி முன்னால் வந்து நிற்பார். அவரைப் பார்த்தால், பின்னாலேயே குணவதி பையைத் தூக்கிக்கொண்டு அரை ஓட்டமாக வந்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். ‘கொஞ்சம் நில்லுங்க’ என்று கத்திக் கத்தி அவள் தொண்டை வறண்ட காலங்கள் உண்டு.

“ஆஸ்பத்திரியில தொண்டைல குழாய் போட்டுட்டாங்க. அவரு பேசவே இல்ல” என்றாள் கோகிலா. “வீட்டுல பேசுனதுதான் கடைசி. அன்னிக்கு நானும் அங்கதான இருந்தேன்.”

“அப்ப என்னதான் சொன்னாரு? நீயே சொல்லு.”

“நான் சொன்னா அதுவும் நீ கேட்ட இன்னொரு வசனமாயிரும். நீயே ரோசிச்சுப் பாரு. சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். நெசமா அவரு சொன்னதை நீ சொல்லிட்டா, அந்த எடத்துலயே ஒப்புகை குடுத்துர்றேன். நெசம் மறக்கலைன்னா மொகம் இருந்தா என்ன கெட்டுப்போச்சு?”

குணவதி சாளரத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கை தன் பாட்டுக்கு முகங்களை ஏற்றிக்கொண்டிருந்தது. மனம் நாச்சிமுத்துவைத் தேடியது. ஒவ்வொரு நினைவாக எடுத்துப் பார்த்தாள். நாச்சிமுத்து விளக்கை உயர்த்திப் பிடித்து, ‘உன்னைக் காணாம எப்படித் தவிச்சுப்போனேன் தெரியுமா’ என்கிறார். பின்னால் அலை அடிக்கிறது. படம். நாச்சிமுத்து அவள் கையைப் பிடித்து, ‘தப்பெல்லாம் என்மேலதான்’ என்கிறார். சன்னலுக்கு வெளியே பனி. படம். அவர் அழகாக ஏதாவது பேசினால் அது படம் என்று தள்ளிவிடலாம் போலிருந்தது. தள்ளத் தள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. அவளுக்குப் பயம் வந்தது.

“வணக்கம். தங்களிடம் ஓர் உதவி கேட்கலாமா?”

சாளரத்துக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். கழுத்தில் விழா விருந்தினர் அட்டை, காதில் மொழிப்பொறி. அவள் பேசுவதைப் பொறி செய்தி வாசிப்பவரின் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது. பெயர் அய்சுலு, கிர்கிஸ்தான் நாட்டு இயக்குநர். அவளுடைய பழைய படம் ஒன்றை, ‘பனிக்கணவாய்’ என்று பெயர், இந்த விழாவில் மறுபடி திரையிடுகிறார்கள்.

“நேற்று முதல் காட்சி முடிந்ததும் பலர் என்னிடம் வந்து பேசினார்கள். எல்லோரும் அவரவர் தந்தையைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் படத்தில் நடித்தவர் என் தந்தை. அவர் இப்போது இல்லை. அவரை இங்கே ஒருவர்கூடப் பார்க்கவில்லை.”

“அது அப்படித்தானுங்க. எல்லாப் படமும் அப்படித்தான்.”

“ஒருவர் கேட்டார், உங்கள் நாட்டில் கணவன் மனைவிக்குப் பின்னால் நடப்பது வழக்கமா என்று. இல்லை, என் தந்தைக்குக் கால் ஊனம், அதனால் அம்மா முன்னால் போய்ப் பனியை மிதித்துப் பாதை செய்கிறாள், படமே அதுதான் என்றேன். அவர் சிரித்தார். எங்கள் அப்பா நன்றாகத்தானே நடந்தார் என்றார்.”

நடையையும் சேர்த்துத்தான் பொருத்துகிறோம் என்று குணவதி சொல்ல வந்தாள். சொல்லவில்லை. நொண்டிக்கால் ஒன்றைக் கண்ணாடிக்குள் நேராக்கி அனுப்பியது அவள் கைதான்.

“ஒரே ஒருவர் வெறுங்கண்ணால் பார்த்தால் எனக்குப் போதும். முகங்களைப் போடுபவர் நீங்கள். எடுக்கவும் உங்களுக்குத் தெரியும் அல்லவா?”

வெறும்பார்வைக்குத் தடை ஒன்றும் கிடையாது. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். நாச்சிமுத்துவோடு கடைசியாக ஒரு படம் பார்க்க வேண்டுமென்று இந்தப் பிற்பகலைத்தான் குணவதி ஒதுக்கி வைத்திருந்தாள். ஆனால் தேசம் தாண்டி வந்த விருந்தாளி உதவி கேட்கிறாள். விருந்தாளியிடம் இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. சாளரத்தை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுச் சிறிய அரங்குக்குப் போனாள். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

முதலில் சலிப்பாக இருந்தது. திரையில் எவர் எவரோ இருந்தார்கள். பேச்சு புரியவில்லை, கீழே ஓடிய தமிழ் எழுத்துகளை அவள் எழுத்துக்கூட்டித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு கிழவன், ஒரு கிழவி, கொஞ்சம் ஆடுகள். பனி மூடுவதற்குள் மலை தாண்டிப் போக வேண்டும், கதை அவ்வளவுதான். கிழவனுக்கு இடது கால் இழுத்தது. முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. சிரிக்கும்போது புறங்கையால் வாயை மறைத்துக்கொண்டான். வேறொருவனின் முகத்தை இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைத்தாள். சுற்றிலும் ஜனம் தங்கள் தங்கள் அப்பாக்களைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

கணவாயின் உச்சியில் கிழவன் ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தான். இனி அவனால் முடியாது என்று தெரிந்துவிட்டது. கிழவி திரும்பி வந்து அவன் காலடியில் பனியில் உட்கார்ந்தாள். அவன் மூச்சு வாங்கி வாங்கி என்னவோ சொன்னான். கீழே எழுத்து ஓடியது. நீ முன்னால் போனாய். எனக்கு வழி தேடும் வேலையே இல்லாமல் போயிற்று.

குணவதி இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தப் படத்தை முன்பே பார்த்திருக்கிறாள். நாச்சிமுத்து போன அடுத்த வருடமாக இருக்க வேண்டும். அப்போது பாறையில் சாய்ந்திருந்தவர் நாச்சிமுத்து. ‘அம்மிணி’ என்ற சொல்லை எந்திரம் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. பனியையும் பாறையையும் மனம் எப்போதோ உதறிவிட்டு, வார்த்தையை மட்டும் கொண்டுபோய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டது. அவளுக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. அடுத்த வீட்டுச் சாவைத் தன் வீட்டுச் சாவென்று நினைத்து இத்தனை வருடம் அழுதிருக்கிறாள்.

படம் முடிந்து விளக்கு போட்டார்கள். அவள் எழவில்லை. கண்ணை மூடி நாச்சிமுத்துவின் முகத்தை வரவழைத்துப் பார்த்தாள். வரவில்லை. வந்தது அவர் முதுகு. காலர் தேய்ந்த நீலச் சட்டை, தோளில் பட்டறை வார்னிஷ் கறை, கழுத்தில் இரண்டு மடிப்பு. எந்தப் படத்திலும் இந்த முதுகு வந்ததில்லை. வார்னிஷ் வாடைகூட அடித்தது. வாழ்ந்த காலம் முழுக்க அவள் அதிகமாகப் பார்த்தது அந்த முதுகைத்தான். அவர் பேசுவதும் அப்படித்தான், திரும்பாமலே பேசுவார். யாருக்குக் கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்ற கவலை அவருக்கு இருந்ததில்லை.

முதுகு பேசியது. அது ஒரு சாதாரணமான கேள்வி. அந்தக் காலைப்பொழுது முழுக்க அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

வெளியே அய்சுலு காத்திருந்தாள். கேள்வி கேட்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை என்று தெரிந்தது.

“பாத்தனுங்க” என்றாள் குணவதி. “இடது காலு. முன்பல்லு பாதிதான் இருக்குது. சிரிக்கறப்பக் கையை வெச்சு மூடிக்கறாரு.”

அய்சுலு சிரித்தாள். அவளும் புறங்கையால்தான் வாயை மறைத்துக்கொண்டாள். பிறகு அப்படியே அழுதாள். மொழிப்பொறி சும்மா இருந்தது.

“அந்த வழி தேடற பேச்சு இருக்குதே, அது யாரு எழுதுனதுங்க?”

“நான் எழுதவில்லை. அன்று படப்பிடிப்பில் என் தந்தை அம்மாவைப் பார்த்துத் தானாகவே சொன்னார். வீட்டில் அப்படியெல்லாம் பேசியவர் இல்லை.”

“அதை இத்தனை நாளா என்ற வூட்டுக்காரர் சொன்னதுன்னு நான் வெச்சிருந்தனுங்க. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். உங்களுது உங்க கிட்டயே இருக்கட்டும்.”

அய்சுலு அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். என்ன புரிந்ததோ, இறுக்கமாகப் பிடித்தாள்.

கோகிலா வாசலில் மகிழ மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். வெயில் சாய்ந்துவிட்டது, உடுமலைப் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அம்மா வருவதைப் பார்த்ததும் பையிலிருந்து போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

“மோட்டாரை நிறுத்துனியான்னு கேட்டாரு” என்றாள் குணவதி.

கோகிலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“வாசக் கேட்டுல செருப்பு மாட்டிக்கிட்டே கேட்டாரு, திரும்பிக்கூடப் பாக்கல. நான் தேங்காய் துருவிக்கிட்டு இருந்தேன். தெனமும் இதே கேள்வி. ஊருக்கெல்லாம் தொட்டி நெறஞ்சாத் தானா நிக்கற சுவிட்சு மாட்டிக் குடுப்பாரு, நம்ம வூட்டுல மட்டும் நான்தான் ஓடி ஓடி நிறுத்தோணும். அன்னிக்கு நிறுத்திப்போட்டுத்தான் வந்து உக்காந்தேன். எரிச்சல்ல பதில் சொல்லல. பொறகு கேட்டுச் சத்தம் கேக்கலையேன்னு எட்டிப் பாத்தா, அங்கயே சாஞ்சு கெடந்தாரு.”

“ஆமாம்மா” என்றாள் கோகிலா. “அதேதான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் திறந்தாள். நாச்சிமுத்துவின் படம் சிறிதாகத் தெரிந்தது, கீழே ஒப்புகை என்று பச்சைக் கட்டம். “சொன்ன சொல்லு சொன்னதுதான். இந்தா, குடுத்துர்றேன்.”

குணவதி அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாங்கண்ணு. மூடட்டும்.”

“நெசமாவா சொல்ற? அப்புறம் தொறக்காதும்மா.”

“தெரியும். நான்தான மொகத்தக்கா, எனக்குத் தெரியாதா? அவரு வாயில இனியும் கண்டவன் வசனத்தைப் போட்டுக் கேட்டுட்டு இருந்தேன்னா, இது ஒண்ணும் போயிரும். எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்.”

கோகிலா போனை மூடிப் பைக்குள் போட்டாள். அம்மாவின் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். “வா, பஸ்ஸு போயிரும்” என்று சொல்லிவிட்டு நடந்தாள். வழக்கம்போல விறுவிறுவென்று நடந்தாள். இடது தோள் லேசாக இறங்கி, தலை முன்னால் சாய்ந்து, பின்னால் வருபவர்களைப் பற்றி ஒரு கவலையும் இல்லாத நடை. குணவதி நாலு எட்டு வைப்பதற்குள் அவள் பத்தடி முன்னால் போய்விட்டாள்.

கொஞ்சம் நில்லு என்று கத்த வாயெடுத்தவள் கத்தவில்லை. முன்னால் போகும் அந்த முதுகைப் பார்த்தபடி அரை ஓட்டமாக நடந்தாள்.

“நிறுத்திட்டனுங்க” என்றாள்.

கோகிலா திரும்பிப் பார்த்தாள். “என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. நீ நட.”